போனது மணல், வந்தது உப்புத்தாள்

"எந்த நம்பர் சார்?" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். உப்புத்தாளுக்கு நம்பர் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முழித்தேன். "மரத்துக்கா, இரும்புக்கா, செவுத்துக்கா?" எழுத்துக்கு என்றால் என்ன நினைப்பாரோ என்று தயங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மூன்று வயதுப் பேத்திக்கு ட, ப, ம வெட்டி அட்டையில் ஒட்டித் தர வேண்டும். அவள் அதை விரலால் தடவித் தடவிப் பழக வேண்டும். மனிதர் சிரிக்கவில்லை. மூன்று தாள்களை எடுத்து வந்து ஒவ்வொன்றின் மேலும் ஆள்காட்டி விரலை மெல்ல ஓட்டிப் பார்த்தார். "எண்பது வேணாம், புள்ள வெரலு ஒரசிப்போயிடும். நூத்தி இருபது எடுத்துக்குங்க." நம்பர் ஏற ஏற நறநறப்பு குறையும் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

மாண்டிசோரி வகுப்புகளில் இந்த அட்டைகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். வழவழப்பான பலகை, அதன்மேல் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய ஒற்றை எழுத்து. குழந்தை ஒரு கையால் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர, எழுதும் போக்கிலேயே எழுத்தைத் தடவும். தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். விளையாட்டு அவ்வளவுதான். விரல் தடம் மாறி வழுக்கினால், தப்பு என்று அட்டையே சொல்லிவிடும். டீச்சர் வாய் திறக்க வேண்டியதில்லை.

இந்தப் பலகைக்குச் சொந்த ஊர் ரோம். ஆனால் எழுத்தை விரலால் தொட்டுப் பழகுகிற வழக்கம் நம் ஊரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய கதை, அதற்கு நூறு வருஷம் முந்தையது. இரண்டும் ஒரே வம்சம் அல்ல. என்றாலும் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் நோட்டு தரைதான். மணலைக் கொண்டுவந்து பரப்புவார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை பக்கத்தில் குந்தி, புதுப்பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு 'ஆனா' போட வைப்பான். அப்புறம் அதே தடத்தின் மேல் பிள்ளை தானாகப் போட வேண்டும். வாய் சும்மா இருக்கக் கூடாது. 'ஆனா, ஆவன்னா' என்று ராகம் போட்டுச் சொல்லச் சொல்ல விரல் நகர வேண்டும். கண்ணும் காதும் வாயும் விரலும் ஒரே எழுத்தின் மேல் நிற்கும். மணலில் கை திருந்திய பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். ஓலையில் கீறியது கீறியதுதான். அதைத் திருந்தாத கையில் கொடுத்துக் கட்டுப்படியாகாது. பிள்ளைகளின் தப்பையெல்லாம் மணல்தான் வாங்கிக்கொண்டது. உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் புதுப் பக்கம்.

இது தமிழ்நாட்டின் தனிச்சொத்து என்று மார் தட்ட முடியாது. 1623-ல் இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, கர்நாடகத்து இக்கேரியில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் இப்படிக் கணக்குப் படிப்பதைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். வாத்தியார் யாரும் பக்கத்தில் இல்லை. நால்வரும் பாட்டாகச் சொல்லிக்கொண்டே தரையில் தூவிய மெல்லிய மணலில் விரலால் எழுதுகிறார்கள். தரை நிறைந்ததும் அழித்துப் புது மணல் தூவிக்கொள்கிறார்கள். மறந்துவிட்டால் யார் திருத்துவார்கள் என்று கேட்டாராம். நாலு பேரும் ஒரே இடத்தை ஒரே சமயத்தில் மறக்க மாட்டோமே என்று பதில் வந்ததாம். அந்தப் பையன்களில் ஒருவனாவது பெரியவனாகி வக்கீல் வேலை பார்த்திருப்பான்.

இருநூறு வருஷம் கழித்து, 1822-ல், சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, உள்ளூர்ப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொல்லி கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டார். வந்த பதில்களைக் கூட்டி 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வருகிறது. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் அனுப்பிய அறிக்கை மட்டும் வெறும் எண்ணோடு நிற்கவில்லை. ஐரோப்பாவில் பிள்ளைகள் எழுத்தைச் சொல்லிச் சொல்லிக் கற்கிறார்கள், இங்கே தரை மணலில் விரலால் எழுதிக் கற்கிறார்கள் என்று அவர் வித்தியாசம் பிடித்துக் காட்டுகிறார். கஜானாக் கணக்குப் பார்க்கிற அதிகாரிக்கு அது கண்ணில் பட்டது பெரிய விஷயம்.

*

அதற்குள் மணல் லண்டனுக்குப் போய்விட்டது. கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல். 1753-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்த பாதிரியார். 1787-ல் இந்தியாவுக்கு வந்தவர், 1789-ல் எழும்பூரில் தொடங்கிய ஆண்கள் அநாதை விடுதிக்குப் பொறுப்பாளரானார். கம்பெனிச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். பெரும்பாலோருக்குத் தாய் இந்தியர். சம்பளத்துக்கு வந்த உதவி ஆசிரியர்கள் பாடம் நடத்திய லட்சணத்தில் பிள்ளைகள் எழுத்துக்கூட்டவே வருஷக்கணக்கில் திணறினார்கள்.

ஒரு நாள் குதிரையில் போகிற வழியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தை பெல் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் தமிழர்களையும் தமிழையும் மலபார் என்றுதான் எழுதினார்கள். கேரளம் என்று எடுத்துக்கொண்டால் கதை ஊர் மாறிவிடும். பிள்ளைகள் மணலில் எழுதிக்கொண்டிருந்தார்கள். விடுதிக்குத் திரும்பியதும் கடைசி வகுப்புக்கு இதே மாதிரி சொல்லிக் கொடுங்கள் என்றார். உதவி ஆசிரியர் முடியாது என்றார். பெரியவர்களுக்குப் புது வேலை சொன்னால் இப்படித்தான். பெல் வளைந்து கொடுக்கவில்லை. ஜான் ஃப்ரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு நீ சொல்லிக் கொடு என்று விட்டார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன் அவன். பெரியவர்களால் ஆகாது என்ற வேலையைச் செய்து காட்டினான். அவனுக்கு மேல் இன்னொருவன், இவனுக்குக் கீழ் இன்னொருவன் என்று, கொஞ்ச நாளில் விடுதி முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்கு வாத்தியாரானார்கள். நம் சட்டாம்பிள்ளை, கால்சட்டை போட்டுக்கொண்டு எழும்பூருக்கு வந்துவிட்டான்.

1796-ல் பெல் ஊர் திரும்பினார். அடுத்த வருஷமே சென்னை விடுதியில் செய்த பரிசோதனையைப் பற்றி லண்டனில் ஒரு சிறு நூலை அச்சிட்டார். 1798-ல் ஜோசப் லங்காஸ்டர் என்ற க்வேக்கர் இளைஞர் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பெல்லின் நூலும் அவர் கைக்கு வந்தது. பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று இவர்கள் இருவரின் ஆதரவாளர்களும் பல வருஷம் அடித்துக்கொண்டார்கள். திண்ணை வாத்தியார் பெயர் அந்தச் சண்டையில் வரவில்லை.

லங்காஸ்டரின் பள்ளியில் மணல் மேசை ஏறியது. நீண்ட மேசை, ஓரத்தில் சட்டம், அதற்குள் உலர்ந்த மணல். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, மானிட்டர் ஆணையிட ஆணையிட ஒரே நேரத்தில் எழுத்துப் போடுவார்கள். முடிந்ததும் மணலைச் சமன்படுத்திவிட்டு அடுத்த எழுத்து. எழுத்துகளை வடிவம் பார்த்துப் பிரித்துவைத்தார். நேர்கோட்டு எழுத்துகள் முதலில், சாய்கோணங்கள் அடுத்து, வளைவுகள் கடைசியில். இது நல்ல யோசனை. நம் அ-வில் ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, ஒரு நிமிர்ந்த கோடு எல்லாம் இருக்கிறது. மூன்று வயது விரலுக்கு அது ஒரு மலைப்பாதை. ட, ப, ம-வில் கோடுதான் அதிகம், வளைவு குறைவு. அதனால்தான் நான் கடைக்காரரிடம் அகர வரிசையை விட்டுவிட்டுப் பேசினேன்.

ஆனால் லங்காஸ்டருக்கு மணலில் பிடித்தது வேறு. காகிதச் செலவு இல்லை. ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்குப் போதும் என்றார் அவர். ஆலைகள் பெருகிய இங்கிலாந்துக்கு இந்தக் கணக்கு இனித்தது. விரலால் தொட்டால் மனத்தில் பதியும் என்பது பின்னால் தள்ளப்பட்டு, மலிவு முன்னால் வந்து நின்றது. ஒரு பிள்ளையின் விரலை இன்னொரு பிள்ளை பிடித்து நடத்திய திண்ணை எங்கே, மணியடித்தால் நூறு விரல் ஒன்றாக இறங்கும் கூடம் எங்கே. தண்டனையில் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒற்றுமை உண்டு. இங்கே கயிற்றைப் பிடித்துத் தொங்க வைக்கிற 'கோதண்டம்'. லங்காஸ்டர் பையனைக் கூடையில் உட்கார வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்.

1814 ஜூனில் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் லண்டனிலிருந்து இந்தியாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உங்கள் கிராமத்து வாத்தியார்கள் தொன்றுதொட்டுச் செய்துவரும் முறையைத்தான் டாக்டர் பெல் வழியாக இப்போது இங்கே நாங்கள் பின்பற்றுகிறோம், அதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன என்கிற தொனி அதில். பாராட்டு பாராட்டோடு சரி. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் திண்ணைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. சிலேட்டும் பலப்பமும் வந்தன. மணல் கட்டுமான வேலைக்குப் போய்விட்டது. பெல் 1832-ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம். அவர் பணத்தில் அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

நம்மிடம் மிஞ்சியது ஒரே ஒரு நாள். விஜயதசமியன்று தாம்பாளத்தில் அரிசியோ நெல்லோ பரப்பி, பிள்ளையை அப்பா மடியில் உட்கார வைத்து, விரலைப் பிடித்து எழுத வைக்கிறோமே, அது. யாழ்ப்பாணத்தில் ஏடு தொடக்குதல் என்பார்கள். படம் எடுத்துவிட்டு அரிசியைப் பானையில் கொட்டிவிடுகிறோம். மறுநாள் நான்கு வரி நோட்டு.

*

உப்புத்தாளின் வம்சம் வேறு. 1800-ல் பிரான்சின் அவேரோன் பகுதிக் காட்டிலிருந்து பிடிபட்ட ஒரு சிறுவனில் அது தொடங்குகிறது. பேச்சு கிடையாது, சுமார் பன்னிரண்டு வயது. பாரிஸ் மருத்துவர் ழான் இதார் அவனுக்கு விக்டர் என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார். பால் வேண்டும் என்றால் அதற்கான நான்கு எழுத்துகளை எடுத்து வரிசையாக வைக்கும் அளவுக்கு விக்டர் வந்தான். அதற்கு மேல் அதிகம் வரவில்லை. இதாரின் மாணவர் எதுவார் செகான், மனவளர்ச்சி குன்றியதாக ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கைவழியாகக் கற்பிக்கும் கருவிகளைச் செய்தார். இந்த இருவரின் எழுத்துகளையும் 1900-த்தை ஒட்டி ரோமில் ஓர் இளம் பெண் மருத்துவர் இத்தாலியனில் மொழிபெயர்த்து, பக்கம் பக்கமாகத் தன் கையாலேயே பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். நிதானமாகப் படிக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவாம். மரியா மாண்டிசோரி கையால் எழுதித்தான் கற்றார் என்பது எனக்குப் பிடித்த சங்கதி.

அப்போது அவர் நடத்திய சிறப்புப் பள்ளியில் எழுத்துகள் மரத்தில் இருந்தன. உயிரெழுத்துக்குச் சிவப்பு, மெய்யெழுத்துக்கு நீலம். பார்க்க நகைபோல இருக்குமாம். மொத்தமே ஒரு செட்தான். 1907 ஜனவரி 6-ந் தேதி சான் லொரென்சோ குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறந்தபோது அந்த மாதிரி இன்னொன்று செய்யக் கட்டுப்படியாகவில்லை. சான் லொரென்சோ கூலிக்காரர்கள் பேட்டை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்டால் வாண்டுகள் படிக்கட்டையும் சுவரையும் நாசம் பண்ணுகின்றன என்று வீட்டுக் கம்பெனிக்குக் கவலை. சுவரைக் காப்பாற்றத்தான் அவர்களை ஓர் அறையில் கூட்டி வைக்க இடம் கொடுத்தார்கள். கல்விக்காக அல்ல. ஆறு வயதுக்கு முன் எழுத்து வேண்டாம் என்பதுதான் மாண்டிசோரியின் எண்ணமும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள்தான் வந்து, எங்கள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று நச்சரித்தார்கள்.

மரத்துக்கு வழியில்லை, காகிதத்தை வெட்டினார்கள். தடவிப் பார்க்க ஒரு செட் மட்டும் உப்புத்தாளில். இல்லாமையில் பிறந்த பொருள் இது, ஆராய்ச்சிக்கூடத்தில் அல்ல. மரத்தைவிட இது நல்லதாகிவிட்டது. மரத்தில் விரல் எந்தப் பக்கமும் வழுக்கும். உப்புத்தாள் விரலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டும் தடவலாம். காகிதத்தில் ஓர் எழுத்துக்குப் பத்துப் பிரதி வெட்டலாம், வெட்டியதைத் தரையில் பரப்பிச் சொல் கோக்கலாம். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியை மட்டும் சொல்ல வைத்தார்கள்.

அந்த வருஷம் டிசம்பரில் மொட்டைமாடியில் நல்ல வெயில். ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் சாக்கட்டியைக் கொடுத்து அந்தப் புகைபோக்கியை வரை என்றார் மாண்டிசோரி. வரைந்தான். நன்றாக இருக்கிறது என்றார். பையன் அவரை ஒரு தரம் பார்த்தான், எனக்கு எழுத வருது என்று கத்தினான், தரையில் மண்டியிட்டு எழுதினான். முதல் சொல் 'கை'. அப்புறம் 'புகைபோக்கி', 'கூரை'. அதுவரை அவன் பேனாவோ பென்சிலோ பிடித்து ஓர் எழுத்தும் எழுதிப் பழகியவன் அல்ல. விரல் முன்பே படித்துவைத்திருந்தது.

விரல் மட்டும் போதாது, பிடிப்பும் வேண்டும். மாண்டிசோரி அறையில் இதற்கென்று சிறு குமிழ் வைத்த மர உருளைகள் உண்டு. மூன்று விரலால் குமிழைப் பிடித்து எடுத்து, அளவு பார்த்து, அதனதன் குழியில் இறக்க வேண்டும். பென்சில் பிடிக்கும் அதே மூன்று விரல். இதைப் படித்தபோது எனக்கு வாசல்தான் நினைவுக்கு வந்தது. கோலமாவைக் கட்டைவிரலும் ஆள்காட்டியும் நடுவிரலும் சேர்த்து எடுத்து, இழை அறுந்துபோகாமல் விடுகிறார்களே, அதைவிட என்ன பயிற்சி வேண்டும்? பல்லாங்குழியில் ஒவ்வொரு குழியாகச் சோழியை விடுவது, அஞ்சாங்கல்லில் ஒன்றை மேலே வீசி அது இறங்குமுன் தரையிலிருப்பதை அள்ளுவது, பூ தொடுப்பது. இவற்றைச் செய்த பெண்பிள்ளைகள் பலருக்கு எழுத்து என்ற ஒன்று கொடுக்கப்படவே இல்லை என்பது தனிக் கதை. கை தயாராக இருந்தது, பலகைதான் வரவில்லை.

*

முப்பத்திரண்டு வருஷம் கழித்து உப்புத்தாள் சென்னைக்கு வந்தது. முசோலினியோடு ஒத்துப்போகாமல் 1934-ல் மாண்டிசோரி இத்தாலியை விட்டார். பார்சிலோனாவையும் உள்நாட்டுப் போர் மூட்டைகட்ட வைத்தது. 1939 நவம்பரில், அறுபத்தொன்பதாவது வயதில், மகன் மரியோவோடு அடையாற்றில் வந்து இறங்கினார். அழைத்தவர்கள் தியாசாபிகல் சொசைட்டித் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். ஓலைக் குடில்களில் பயிற்சி. நாடு முழுவதிலுமிருந்து முந்நூறு பேர் வந்தார்கள். சில மாதப் பயணம் என்றுதான் வந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் தாயும் மகனும் பகைநாட்டவர் ஆனார்கள். மரியோவை அகமதுநகர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவின் எழுபதாவது பிறந்த நாளுக்குப் பரிசாக அவரை விடுவிக்கிறோம் என்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பல காலம் உறவுக்காரப் பையன் என்றே ஊருக்குச் சொல்லப்பட்ட மரியோவை, மகன் என்று அந்தத் தந்தி அரசாங்க வாயால் சொல்லிவிட்டது.

1942 முதல் இரண்டு வருஷம் கொடைக்கானல். போர் முடிந்து 1946-ல் கிளம்பும்வரை இந்தியாவே அவர் வீடு. அடையாற்றுக்கும் எழும்பூருக்கும் பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். மணல் புறப்பட்ட இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் உப்புத்தாள் வந்து நின்றது. இக்கேரியில் மணல் எழுத்தைப் பார்த்து எழுதிவைத்தவரும் இத்தாலியர், உப்புத்தாளோடு வந்தவரும் இத்தாலியர். மூன்று நூற்றாண்டு இடைவெளியில் இதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது. எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இத்தாலியனுக்கு 21 எழுத்து. வெட்டி ஒட்டினால் ஒரு மாலைப்பொழுதில் முடியும். தமிழுக்கு 247. அத்தனையும் வெட்டுவதென்றால் ஆசாரி வைக்க வேண்டும். நல்லவேளை, இலக்கணமே வழி சொல்கிறது. உயிர் பன்னிரண்டு, அகரமேறிய மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, புள்ளி என்று துணைக்குறிகள் தனி அட்டை. 'ம'-வுக்குப் பக்கத்தில் கால் அட்டையை வைத்தால் 'மா'. இடறுவது உகர ஊகாரம்தான். கு ஒரு விதம், சு ஒரு விதம், து ஒரு விதம். பதினெட்டு மெய்க்கும் இரண்டிரண்டாக 36 வடிவத்தைத் தனித்தனியே வெட்டியாக வேண்டும். கொடைக்கானல் காலமாக இருந்தால் இன்னும் பாடு. லை, ளை, ணை, னை எல்லாம் அப்போது யானைத் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தம் கத்தரிக்கோலுக்கும் உதவியிருக்கிறது. இன்னொரு லாபம், நம் எழுத்தில் பெரும்பாலானவை கையெடுக்காமல் ஒரே இழுப்பில் வருபவை. தடவுவதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கும்.

நானும் வெட்டினேன். உப்புத்தாளின் பின்பக்கம் எழுத்தை வரைந்து வெட்டினால், திருப்பும்போது எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகிவிடும். ட அப்படித்தான் எனக்கு வீணானது. கத்தரிக்கோலின் முனையும் போயிற்று.

*

பின்னால் நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். மாண்டிசோரி என்ற பெயர் யாருக்கும் உரிமைப்பட்டதல்ல; பெயர்ப்பலகையில் எவரும் எழுதிக்கொள்ளலாம். என் வீட்டுப் பக்கத்தில் அப்படி ஒன்றில் உப்புத்தாள் அட்டைகள் கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருந்தன, பெற்றோர் பார்ப்பதற்கு. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்து. பெயர் வேண்டாம். மூன்று வயதில் மணிக்கட்டின் எட்டு எலும்புகளில் பாதியாவது இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். கடைசி எலும்பு இறுக எட்டு ஒன்பது வயதுக்கு மேலாகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து, கோட்டுக்குள் எழுது என்கிறோம்.

அரசுப் பள்ளிப் பக்கம் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியில் நடந்த வேலையைப் பார்த்து வரத் தன் ஆசிரியர்களை அனுப்பினார். 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில வருஷத்தில் மாநிலம் முழுக்கப் போயிற்று. பிள்ளைகள் தரையில் பாயில் உட்கார்ந்தார்கள். சுவரின் அடியில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. திண்ணைக்காரர்கள் பார்த்திருந்தால் தங்கள் வகுப்பு என்றே நினைத்திருப்பார்கள்.

ஆராய்ச்சியாளர்களும் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். 2004-ல் பிரான்சில் ஃப்ளோரான்ஸ் பரா, எதுவார் ழான்தாஸ் குழுவினர், எழுத்தைப் பார்த்து மட்டும் கற்ற குழந்தைகளைவிடப் பார்த்தும் விரலால் தொட்டும் கற்றவர்கள் புதுச் சொற்களைப் படிப்பதில் முந்துவதைக் காட்டினார்கள். 2012-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸும் லாரா எங்கல்ஹார்ட்டும் எழுத்துப் படிக்கத் தொடங்காத ஐந்து வயதுப் பிள்ளைகளை மூன்று விதமாகப் பழக்கினார்கள். விசைப்பலகையில் தட்டுவது, புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவது, தானாகவே எழுதுவது. பிறகு அதே எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். பெரியவர்கள் படிக்கும்போது வேலை செய்கிற பகுதிகள், தானாக எழுதிய எழுத்தைப் பார்த்தபோதுதான் நன்றாக விழித்தன. கோணல்மாணலாக எழுதினாலும் சொந்தமாக எழுத வேண்டும் என்று ஆகிறது.

இதை உப்புத்தாளுக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்புத்தாள் வழி காட்டும், ஆனால் வழியை விட்டு விலக விடாது. மணலில் வழியே கிடையாது, நாமே போட வேண்டும். அதனால்தான் மாண்டிசோரி வகுப்புகளில் உப்புத்தாள் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மணல் தட்டும் இருக்கும். தடவிய எழுத்தை உடனே அதில் எழுதிப் பார்க்க வேண்டும். சட்டாம்பிள்ளையின் விரல் செய்ததை உப்புத்தாள் செய்கிறது. மீதி பழைய வேலைதான்.

சொந்த ஊர்ப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் இதைப் பார்த்தேன். பழைய டிபன் தட்டு, அதில் ரவை. மூன்று பேருக்கு ஒரு தட்டு. "உப்பு வச்சா வாயில போட்டுக்குதுங்க சார்" என்றார் டீச்சர். "ரவை வச்சா?" "அதையும்தான் போட்டுக்குதுங்க. உப்புன்னா வாந்தி, ரவைன்னா பரவால்ல." பக்கத்தில் ஆயா, போன வாரத்து ரவையில் வண்டு பிடித்துவிட்டதென்று புடைத்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் ப எழுதினான், தலைகீழாக. பார்த்தான், தட்டை ஆட்டினான், ப போய்விட்டது. மறுபடி எழுதினான்.

என் உப்புத்தாள் எழுத்துகளுக்கு வீட்டில் என்ன மரியாதை கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் பேத்தி தடவினாள். மூன்றாம் நாள், மெழுகுக் கலர்க்குச்சியை அதில் தேய்த்தால் கூராகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். ம-வின் இடது கால் முழுக்கப் பச்சை. நான் முகம் சுளிக்க, "தாத்தா, இது சொரசொரன்னு இருக்குல்ல, அதுக்குத்தான்" என்றாள்.

எதிர்மனையில் வீடு கட்டுகிறார்கள். ஆற்று மணல் யாருக்குக் கிடைக்கிறது, எம்-சாண்ட் குவியல்தான், சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் உயரம். சாயங்காலம் வேலையாட்கள் போன பிறகு அங்கேதான் அவள் கச்சேரி. குவியலின் சரிவில் முழங்கையளவு பெரிதாக ஒரு ம போட்டிருந்தாள், பக்கத்தில் இன்னொன்று, கீழே சரிந்துபோன மூன்றாவது. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் அழித்துவிட்டு வருகிறேன் என்றாள். அழிக்கவில்லை. காலையில் நான் பால் வாங்கப் போகும்போது சித்தாள் பெண்மணி அந்தச் சரிவிலிருந்துதான் சட்டியில் அள்ளிக்கொண்டிருந்தார். சிமெண்டில் குழைத்து, பத்து மணிக்குள் கொத்தனார் அதைச் சுவரில் பூசிவிட்டார்.